இரவு இருமலை அலட்சியம் செய்யாதீர்



ஆஸ்துமா என்றதும் இழுப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், பல பிள்ளைகளுக்கு அது வெறும் இருமலாகவே தொடங்குகிறது. இதை நான் காலம் கடந்தே கற்றுக்கொண்டேன்.

நான் ஆசிரியராகப் பணியாற்றியபோது, ஓட்டப் பயிற்சியில் பாதியிலேயே நின்று இருமும் மாணவன் ஒருவன் இருந்தான். சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். ஒருநாள் நள்ளிரவில் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். “பல மாதங்களாகவே விடியற்காலையில் இருமுவான், சார்” என்று அவன் தாயார் சொன்னபோது நான் தலைகுனிந்தேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி கட்டுகிறது. காற்று செல்லும் வழி குறுகிவிடுகிறது. இதன் ஆரம்ப அறிகுறிகள் வருமாறு:

1. இரவிலோ விடியற்காலையிலோ அடிக்கடி வரும் இருமல்.

2. ஓடினால், சிரித்தால், அழுதால் இருமலோ மூச்சிரைப்போ உண்டாதல்.

3. நெஞ்சு இறுக்கம். சிறு பிள்ளைகள் இதை “நெஞ்சு வலிக்கிறது” என்பார்கள்.

4. மூச்சை வெளிவிடும்போது விசில் போன்ற ஒலி.

5. சளி பிடித்தால் இருமல் வாரக்கணக்கில் நீடித்தல்.

தூசி, பூனை முடி, சிகரெட் புகை, ஊதுபத்திப் புகை ஆகியவை இதைத் தூண்டக்கூடும். 1997-லும் 2015-லும் நம் நாடுகளைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் ஆஸ்துமா நோயாளிகள் பட்ட அவதியை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இந்த அறிகுறிகள் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல் மருந்து மட்டும் வாங்கிக் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். இன்ஹேலர் பிடித்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சுவது தவறு. தசையைத் தளர்த்தும் இன்ஹேலர் உடனடி நிவாரணம் தரும். வீக்கத்தைத் தணிக்கும் இன்ஹேலரே நோயைக் கட்டுக்குள் வைக்கும். சுகமாக இருக்கிறதென்று நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாத திணறல், மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுதல், உதடு நீலம் பாரித்தல் ஆகியவை அபாய அறிகுறிகள். இழுப்பு ஒலி அடங்கியும் திணறல் நீடித்தால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். காற்றுப் போக்கு மிகவும் குறைந்துவிட்டது என்பதே பொருள். உடனே மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

ஓட முடியாத பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், “ராத்திரியில் இருமுகிறாயா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.