கொடும்பாளூரிலிருந்து தொடங்கும் வாசிப்பு: ‘வேங்கையின் மைந்தன்’ புதினத்திற்கான பாட அலகுத் திட்டம்

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புதினம், அகிலன், கொடும்பாளூர், மெய்க்கீர்த்தி, சூளவம்சம், வகுப்பறை வாசிப்பு

முன்னுரை

இளங்கலை வகுப்புகளின் பொதுத்தமிழ்த் தாளில் புதினம் ஒன்று இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். அப்புதினம் வகுப்பில் வாசிக்கப்படுகிறதா என்பது வேறு வினா. கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு, ஆசிரியர் வரலாறு ஆகிய மூன்றும் குறிப்பேடுகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் நிலையில், நூலைத் தொடாமலேயே மாணவர் தேறிவிட முடிகிறது. இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. நூலைப் படித்தவரையும் குறிப்பை மனப்பாடம் செய்தவரையும் பிரித்தறிய இயலாத வினாத்தாளே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. புதுக்கோட்டை மாவட்ட மாணவரை முன்னிறுத்தி, அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ புதினத்தை ஆறு வாரப் பாட அலகாக அமைக்கும் முறையை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

நூல் தேர்வு

அகிலன் புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர். ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அகாதெமி விருதையும் ‘சித்திரப்பாவை’ 1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதையும் அவருக்குப் பெற்றுத் தந்தன. ஞானபீடம் பெற்ற நூலை விடுத்து முன்னதைத் தேர்ந்ததற்கு விருதுகளோடு தொடர்பில்லை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைப் பேசும் இப்புதினத்தின் தலைமை மாந்தருள் ஒருவனான இளங்கோ, கொடும்பாளூர் வேளிர் குடியின் இளவரசன். அவ்வூர் இன்றும் விராலிமலைக்கு அருகில் உள்ளது. திருச்சி, மதுரைச் சாலையில் பேருந்தில் செல்லும் மாணவர் அதைக் கடந்து போகிறார். தாம் படிக்கும் புதினத்தின் ஊர் அதுவே என அறியாமலும் போகலாம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக வந்தபின், வானதியைக் கொடும்பாளூர் இளவரசியாக மாணவர் பலர் அறிவர். அந்த அறிமுகத்தை ஆசிரியர் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். திரைப்படம் வாசிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சம் இங்குத் தேவையற்றது.

தொடர்கதையாக வாசித்தல்

வார இதழ்த் தொடராக வெளிவந்த நூல் இது. அத்தியாய முடிவுகளில் நிற்கும் கேள்விகள் அடுத்த வாரம்வரை வாசகரைக் காக்க வைப்பதற்காக எழுதப்பட்டவை. எனவே நூலை முழுமையாகக் கையில் கொடுத்து ‘படித்து வருக’ என்பதைக் காட்டிலும், வாரத்திற்கு இத்தனை அத்தியாயம் என வரையறுத்து, அவற்றுக்கு அப்பால் வகுப்பில் பேசுவதில்லை என்னும் உடன்பாட்டோடு தொடங்கலாம். முதற்பாடவேளையில் ஆசிரியர் வரலாறு வேண்டா. முதல் அத்தியாயத்தை உரக்க வாசித்தலே போதும். ஒவ்வொரு வார முடிவிலும் ‘அடுத்து என்ன நிகழும், ஏன்’ என்று மாணவர் தம் ஏட்டில் ஐந்து வரி எழுதுவர். இந்த ஊகங்களைக் குறிப்பேடு எதிலிருந்தும் படியெடுக்க இயலாது.

இன்றைய மாணவருக்கு அகிலனின் வருணனைகள் சில இடங்களில் நீளமாகத் தோன்றும். அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தப் பத்தியை நீக்கலாம், நீக்கினால் எது குறையும் என்று கேட்பதே நடையியல் பாடமாகிவிடும்.

களம்: மூவர் கோயில்

மூன்றாம் வாரத்தில் களப்பயணம் அமையும். கொடும்பாளூர் மூவர் கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன் தன் பெயராலும் கற்றளி, வரகுணை ஆகிய தேவியர் இருவர் பெயராலும் அவற்றை எடுப்பித்ததை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அக்கல்வெட்டு அவன் முன்னோரையும் வரிசைப்படுத்துகிறது. ஆனால் அதில் ஆண்டுக் குறிப்பு இல்லை. அதனால் விக்கிரமகேசரியின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இக்கருத்து வேறுபாட்டை வகுப்பில் மூடி மறைக்காமல் அதன் நடுவிலேயே மாணவரை நிறுத்துதல் வேண்டும். கல்லில் எழுதப்பட்டதே இத்தனை ஐயங்களுக்கு இடந்தருமாயின், கல் சொல்லாது விட்ட இடத்தில்தான் புதின ஆசிரியன் நுழைகிறான் என்பதை அவர்கள் அங்கேயே நின்று உணர்வர். மதுரை செல்லும் வழி கொடும்பையில் மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை குறிப்பிடுவதையும் அவ்விடத்திலேயே வாசிக்கலாம்.

மணிமுடி: சான்றும் புனைவும்

அலகின் மையம் பாண்டியரின் மணிமுடி. முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் ஈழத்திற்குச் சென்று, தன் முடியை அங்கு விட்டுச் சென்றான். பராந்தகன் அதைப் பெற முயன்றும் கைகூடவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து இராசேந்திரன் அதைக் கைப்பற்றினான். ஈழ மன்னன் முடி, அவன் தேவியர் முடி, பாண்டியன் முன்னர் அங்கு வைத்த முடி, இந்திரன் ஆரம் ஆகியவற்றை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுகிறது.

இப்பகுதிக்கு மாணவர் மூன்று பத்தி அட்டவணை ஒன்றை வரைவர். முதற்பத்தி மெய்க்கீர்த்தி கூறுவது. இரண்டாவது சூளவம்சம் கூறுவது. மூன்றாவது அகிலன் கூறுவது. இளங்கோவுக்கும் ஈழத்து இளவரசி ரோகிணிக்கும் மெய்க்கீர்த்தியில் இடமில்லை என்பது முதற்பத்தியை நிரப்பும்போதே தெரிந்துவிடும். அப்படியாயின் அகிலனுக்கு அவர்கள் ஏன் தேவைப்பட்டனர்? வெற்றிப் பட்டியலில் முடி ஒரு பொருள் மட்டுமே. அதைக் காப்பவர் குடியில் பிறந்த பெண்ணையும் கவர வந்தவர் அணியில் நிற்கும் இளைஞனையும் எதிரெதிரே நிறுத்தும்போதுதான் அதற்கு விலை உண்டாகிறது. இவ்விடையை ஆசிரியர் முந்திக்கொண்டு கூறுதல் கூடாது.

மறுகரையிலிருந்து

இரண்டாம் பத்தியே பெரும்பாலும் விடுபட்டுப் போவது. ஐந்தாம் மகிந்தன் தன் முப்பத்தாறாம் ஆட்சியாண்டில் சிறைப்பட்டதையும், விகாரைகள் கொள்ளையிடப்பட்டதையும், பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் இருந்து அவன் இறந்ததையும், அவன் மகன் காசியப்பனை மக்கள் மறைவாக வளர்த்ததையும் சூளவம்சம் சொல்கிறது. அதுவும் சார்புடைய நூலே. பௌத்த மடத்தின் பார்வை அது. மெய்க்கீர்த்தியின் சார்பைக் காட்டும் ஆசிரியர் இதன் சார்பையும் காட்டக் கடமைப்பட்டவர்.

இதை வற்புறுத்துவதற்கு இம்மாவட்டத்திற்குரிய காரணம் ஒன்றுண்டு. தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணா விளக்கு ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் வகுப்பில் இருக்கக்கூடும். ஈழப் படையெடுப்பை வெறும் பெருமிதப் பாடமாக நடத்தினால் அவர் எதனோடு தம்மை இணைத்துக்கொள்வார்? சிங்கள மன்னன் மகளும் அவருக்கு அயல். படையெடுத்த சோழனும் எளிதில் உறவாகிவிட மாட்டான். இவ்வினாவை எந்தத் தனி மாணவரை நோக்கியும் எழுப்பலாகாது. ரோகிணியின் பார்வையில் ஓர் அத்தியாயத்தை மீள எழுதுமாறு வகுப்பு முழுவதையும் பணித்தால், சொல்ல விரும்புவோர் சொல்வர். விரும்பாதோர் கதைக்குள் மறைந்துகொள்ளலாம்.

மதிப்பீடு

கதைச்சுருக்க வினா முற்றிலும் நீங்குதல் வேண்டும். ஊக ஏடு, மூன்று பத்தி அட்டவணை, மீளெழுத்து ஆகியவை அகமதிப்பீட்டில் சேரும். பருவத் தேர்வில் நூலின் ஒரு பக்கத்தை அச்சிட்டுத் தந்து, அதில் எந்தச் செய்தி சான்றுடையது, எது புனைவு, புனைவு அவ்விடத்தில் என்ன செய்கிறது என்று கேட்கலாம். நூலைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுத இசைவு கிடைக்குமாயின் இன்னும் நன்று. பல்கலைக்கழக வினாத்தாள் பொதுவாக அமையும் இணைவுக் கல்லூரிகளில் ஆசிரியர் தனித்து இம்மாற்றத்தைச் செய்ய இயலாது. பாடத்திட்டக் குழு நூற்பட்டியலை முடிவு செய்யும் கூட்டத்திலேயே மாதிரி வினாவையும் இணைத்து முடிவு செய்தல் வேண்டும்.