கடற்காற்று பிந்தினால் கீரை வாடும்

சித்திரையில் சென்னைக்குச் சொல்லப்படும் வெயில் கணக்கை ஆவடி, பூவிருந்தவல்லி விவசாயிகள் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் கடலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆவடியோ கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே. கடற்காற்று வந்து சேருமுன் வெப்பம் ஏறிவிடும். அறிக்கையில் 'மேற்குக் காற்று' என்றிருந்தால் அது இன்னும் பிந்தும், சில நாள் வராமலே போகும்.

முளைக்கீரை 25 நாள் பயிர். வாடியதைத் தேற்ற அவகாசம் கிடையாது. எனவே அந்நாட்களில் விடியற்காலையிலேயே பாய்ச்சவும். புதிதாக விதைத்த பாத்திக்கு மாலையிலும் பூவாளியால் தெளிக்கவும். உச்சிவேளையில் மருந்தடிப்பது வீண், இலையும் கருகும்.

'இடியுடன் மழை' என்றால் மழையைவிடக் காற்றுக்கே அஞ்ச வேண்டும். குலை தள்ளிய வாழைக்கு முன்னதாகவே முட்டுக் கொடுக்கவும். மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில், 5 நாட்களுக்கு வெளியாகிறது.