தராத உள்ளீடும் கேளாத வெளியீடும்: கொல்லிமலைச் சரிவுக் கணக்கு காட்டும் பாடங்கள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, அடிவாரச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பதால், நிலத்தின் சரிவுக் கோணத்தைக் கணக்கிடும் நிரல்களைச் சோதிக்க ஏற்ற இடமாகும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உயரத் தரவில், இம்மலை சுமார் 30 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாக அமைந்துள்ளது. அத்தரவை வாங்கிச் சரிவைத் திருப்பித் தரும் செயற்கூற்றை எழுதுவோர், எந்த உள்ளீட்டைக் கட்டாயமாக்குவது, எதை அழைப்பவரின் விருப்பத்திற்கு விடுவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

உள்ளீடு தரப்படாதபோது செயற்கூறு தானே எடுத்துக்கொள்வது தானமைவு மதிப்பு எனப்படும். மேட்லேப் மொழி, பைத்தான் மொழியின் நம்பை நூலகம் இரண்டிலும் உள்ள 'கிரேடியன்ட்' செயற்கூறு, கட்ட இடைவெளி தரப்படாவிடில் அதை 1 என்றே கொள்கிறது. அடுத்தடுத்த கட்டங்களுக்கிடையே 10 மீட்டர் உயர வேறுபாடு இருப்பின் உண்மைச் சரிவு சுமார் 18 பாகை; இடைவெளி 1 எனில் அதுவே 84 பாகையாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் எழாது. மலையின் விளிம்புகள் இயல்பிலேயே செங்குத்தானவை என்பதால், படத்தைப் பார்ப்பவரும் ஐயுறாமல் போகலாம். ஆகவே அலகு சார்ந்த உள்ளீடுகளைக் கட்டாயமாக்கி, விடுபட்டாலும் விடையின் பொருளைக் குலைக்காதவற்றுக்கு மட்டுமே தானமைவு மதிப்பு தருவது நன்று.

'தரப்படவில்லை' என்பதும் 'சுழியம் தரப்பட்டது' என்பதும் வெவ்வேறு. பைத்தானில் உள்ளீடு மெய்யா பொய்யா என்று மட்டும் சோதித்தால் சுழியமும் பொய்யாகக் கொள்ளப்படுவதால், அடிமட்ட உயரத்தை 0 எனத் தந்தவருக்கு வேறோர் அடிமட்டத்தைக் கொண்ட விடை கிடைக்கக்கூடும். 'நன்' என்ற வெறுமைக் குறியுடன் நேரடியாக ஒப்பிடுவதே பிழையற்ற வழி. மேட்லேபில் உள்ளீடுகளின் எண்ணிக்கையை 'நார்கின்' சொல்கிறது. 2019இன் இரண்டாம் பதிப்பில் வந்த 'ஆர்கியூமென்ட்ஸ்' பகுதி, தானமைவு மதிப்பையும் சரிபார்ப்பையும் ஒரே இடத்தில் எழுத வழி செய்கிறது.

வெளியீட்டுக்கும் இக்கவனம் தேவை. எத்தனை விடைகள் கேட்கப்பட்டன என்பதை மேட்லேபின் 'நார்கவுட்' அறிவிப்பதால், சரிவு மட்டும் வேண்டுவோருக்குச் சரிவின் திசையைக் கணக்கிடாமல் விடலாம். பைத்தானில் இவ்வசதி இல்லை. அங்கே உள்ளீட்டைப் பொறுத்து விடையின் வடிவத்தை மாற்றுவதைவிட, திசைக்குத் தனிச் செயற்கூறு எழுதுவது தெளிவானது. எந்த மொழியிலும், இரண்டாம் விடையைக் கேட்பதால் முதல் விடை மாறக் கூடாது.

தானமைவு மதிப்பு ஒவ்வொன்றும் அழைப்பவர் சார்பில் நிரலாளர் எடுக்கும் முடிவு. அதை அலகோடு உதவிக்குறிப்பில் எழுதிவைப்பது நிரலாளரின் கடமையாகும்.