ஆள் இல்லாத முகவரிக்கும் ‘சரி’ சொல்லும் சர்வர்

தா.பழூருக்கு ஒரு கடிதம் போடுறீங்க, பெயர் தப்பு. தபால் பெட்டி மறுக்காது. தபால்காரர் தெருவில் விசாரித்த பிறகுதான் கடிதம் திரும்பும். மெயில் சர்வருக்கு அந்த அலைச்சல் இல்லை, வாசலிலேயே சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் ஒரு எழுத்து தப்பினால், மெயில் போயிடுச்சுன்னு நம்பி உட்கார்ந்திருப்பீங்க. கடைசித் தேதி முடிஞ்சிருக்கும்.

முதல்ல சோதனை. வேறொரு கணினியிலிருந்து 25-ஆம் போர்ட்டில் டெல்நெட் போட்டு, ‘ஆர்சிபிடி டூ’வில் இல்லாத ஒரு பெயரைக் கொடுங்க. 550 5.1.1 வரணும். 250 வந்தால் கோளாறு உறுதி. 250 சொன்ன சர்வர்தான் அந்த மெயிலுக்குப் பொறுப்பு என்கிறது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321. அப்புறம் ஆள் இல்லைன்னு தெரிந்தால் பவுன்ஸ் அனுப்பணும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரியே போலி. பவுன்ஸ் போய் விழுவது சம்பந்தமில்லாத ஒருவரின் பெட்டியில். இதற்குப் பெயர் பேக்ஸ்கேட்டர். உங்க சர்வர் கறுப்புப் பட்டியலில் ஏற இதுவே போதும்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் ‘போஸ்ட்கான்ஃப் -என்’ அடித்து மூன்று இடம் பாருங்க:

1. ‘லோக்கல்_ரெசிபியன்ட்_மேப்ஸ் =’ என்று காலியாக இருக்கா? காலி என்றால் பெயர் சரிபார்ப்பே கிடையாது. வரியை நீக்கினால் பழைய இயல்பு திரும்பும்: லினக்ஸ் பயனர் பட்டியலையும் ஏலியாஸ் பட்டியலையும் பார்க்கும்.

2. விர்ச்சுவல் ஏலியாஸ் கோப்பில், பெயரே இல்லாமல் @ குறியில் தொடங்கும் வரி இருக்கா? அது கேட்ச்-ஆல், எந்தப் பெயர் வந்தாலும் ஏற்கும்.

3. இன்னொரு சர்வருக்கு மெயிலைக் கடத்தும் பேக்அப் சர்வரா? அங்கே ‘ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸ்’ தொடக்கத்திலேயே காலிதான். உண்மையான முகவரிப் பட்டியலை நீங்கதான் கொடுக்கணும்.

திருத்தினதும் கொண்டாட வேண்டாம். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால், நிஜ ஆளுக்கு வரும் மெயிலும் 550 வாங்கித் திரும்பும். அதனால் சில நாள் ‘சாஃப்ட்_பவுன்ஸ் = எஸ்’ வைங்க. 550-க்குப் பதில் 450 போகும். அனுப்பிய சர்வர் வரிசையில் வைத்திருந்து மறுபடி முயலும். லாகில் யார் யார் மறுக்கப்படுறாங்கன்னு தினமும் பாருங்க. விடுபட்டவர்களைச் சேர்த்துவிட்டு, அந்த வரியை நீக்கி, மறுபடி டெல்நெட் போடுங்க. நிஜப் பெயருக்கு 250, பொய்ப் பெயருக்கு 550. இரண்டும் வந்தால்தான் வேலை முடிந்தது.