கடிக்காமல் ஈரம் அறியலாம்

நெல் விற்கப் போகிறோம். வாங்குபவர் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். "ஈரம் அதிகம்" என்கிறார். விலை குறைகிறது. இன்னொருவர் கடித்தால் "பரவாயில்லை" என்பார். ஆளுக்கு ஆள் கணக்கு மாறுகிறது. நட்டம் யாருக்கு? உழைத்தவருக்குத்தான்.

ஈரத்தைச் சரியாக அளக்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் நெல்லை எடை போட வேண்டும். சூடான பெட்டியில் வைத்து நன்றாகக் காய்ச்ச வேண்டும். மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். ஆனால் இதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த நெல் விதைக்கும் உதவாது.

நெல்லைக் கெடுக்காமல் அளக்க முடியுமா? முடியும். ஒளி அதற்கு உதவுகிறது.

வானவில்லில் ஏழு நிறம் பார்க்கிறோம். சிவப்புக்கு அப்பாலும் ஒளி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். அங்கே நிறமே இல்லை. ஆனாலும் சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர்.

தண்ணீர் இந்தக் கதிர்களில் சிலவற்றை உறிஞ்சிக்கொள்ளும். புரதமும் மாவுச்சத்தும் வேறு சிலவற்றை உறிஞ்சும். மீதிக் கதிர்கள் திரும்பி வரும். எந்தக் கதிர் எவ்வளவு குறைந்தது என்று கருவி பார்க்கும். அதை வைத்து ஈரத்தையும் புரதத்தையும் கணக்கிடும். ஓரிரு நிமிடம் போதும். தானியம் அப்படியே இருக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பொறியாளர் கார்ல் நாரிஸ் 1960-களில் இந்த முறையை வளர்த்தார்.

கருவிக்கும் பாடம் சொல்லித்தர வேண்டும். பல நெல் மாதிரிகளை முதலில் பழைய முறையில் அளப்பார்கள். அந்தக் கணக்கைக் கருவியில் பதிவார்கள். கோதுமைக்குப் பழகிய கருவி நெல்லுக்குத் தவறாகக் காட்டும்.

நம் நாட்டுக் கொள்முதல் நிலையங்களில் பெரும்பாலும் மின்சார ஈரமானி இருக்கும். மத்திய அரசின் பொதுவான விதிப்படி நெல்லில் ஈரம் 17 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது 100 கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர். ஒளிக் கருவியோ மின்சாரக் கருவியோ, இரண்டும் எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை நீங்களே படியுங்கள். "கருவியைச் சரிபார்த்தீர்களா?" என்றும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

யோசித்துச் சொல்லுங்கள்:
1. கடித்துப் பார்ப்பதில் என்ன குறை?
2. 200 கிலோ நெல்லில் 17 சதவீதம் ஈரம். தண்ணீர் எத்தனை கிலோ?