போர்வீரர் கடிதங்களைக் காப்போம்



வரலாறு என்றதும் நமக்கு ராஜாவும் கோட்டையும்தான் ஞாபகம் வரும். ஆனால் ஒரு சாதாரணச் சிப்பாய் வீட்டுக்குப் போட்ட கடிதமும் வரலாறுதான்.

முதல் உலகப்போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். 70,000 பேருக்கும் மேல் திரும்பி வரவில்லை. பிரான்சில் இருந்த நம் வீரர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவரிடம் சொல்லி எழுதச் சொல்வார்கள். அந்தக் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். இதற்குத் தணிக்கை என்று பெயர்.

இது தெரிந்த சிலர் மறைமொழியில் எழுதினார்கள். கருப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கருப்பு மிளகு தீர்ந்துபோச்சு என்றால், நம்மவர்கள் நிறையப் பேர் செத்துப்போனார்கள் என்று அர்த்தம்!

அசல் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதி வைத்த பகுதிகள்தான் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சொந்தக்காரர் வீட்டில் இல்லாதது, பிரித்துப் படித்தவரிடம் மிஞ்சியிருக்கிறது.

இது எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் தெரு ஆயாவின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். 1971 போர் சமயத்தில் அவர் போட்ட இன்லேண்டு லெட்டர்கள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, குப்பை என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். ஆயா தலையணை உறைக்குள் வைத்திருந்த இரண்டு மட்டும் தப்பின.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். அனுப்புநர் முகவரியில் ஊர் பேரே இல்லை. 99 ஏ.பி.ஓ. என்று இருந்தது. படை இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அப்படி. உள்ளே சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை பெஞ்சுதா, பசு கன்னு போட்டுச்சா என்றுதான் கேட்டிருந்தார். "இன்னொரு தரம் படி கண்ணு" என்றார் ஆயா. அந்தத் தாத்தா இப்போது உயிருடன் இல்லை. போன கடிதங்களில் என்ன இருந்தது என்று இனி யாரிடம் கேட்பது?

நாம் செய்ய வேண்டியவை:

1. கடிதங்களை வெயில், ஈரம், கரையான் படாத இடத்தில் வையுங்கள்.

2. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பாகிக் கறை பிடிக்கும். லேமினேஷனும் வேண்டாம்.

3. யார், யாருக்கு, எப்போது எழுதியது என்று பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். கடிதத்தின் மேலேயே எழுதக்கூடாது.

4. பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தேய்த்தால் அதுவும் தேய்ந்துவிடும்.

5. பழைய வெடிகுண்டு எதுவும் கிடைத்தால் தொடவே கூடாது. பெரியவர்கள் மூலம் போலீசுக்குச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் சில ஊர்களில் முதல் உலகப்போருக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதில் எண்ணிக்கை இருக்கிறது, பேர் இல்லை. அந்தப் பேர் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம்.

அதனால் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரிச்சுப் படிச்சுப் பாருங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி