தண்ணீரூற்றுப் பெருந்தெரு: வரலாறும் கட்டிட அமைப்பும்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அரசர் பெயர்களையும் போர்க்களங்களையும் தேடுதல் வழக்கம். ஊரார் நாள்தோறும் நடந்து திரியும் தெருவும் ஒரு வரலாற்று ஏடே என்பதை நாம் எளிதில் மறந்து விடுகின்றோம். அவ்வேட்டின் சில பக்கங்களை மாணவர்க்குப் புரட்டிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊற்றும் ஊரும்

மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என வன்னி ஊர்கள் பல குளத்தாற் பெயர் பெற்றவை. மழைநீரைத் தேக்கியே வாழவேண்டிய நாட்டில், நிலத்தினின்று தானே சுரக்கும் நீர் பெறற்கரிய செல்வமன்றோ? அச்செல்வத்தையே தன் பெயராகக் கொண்டது தண்ணீரூற்று. ஊற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் விநாயகர் ஆலயமும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. நீர் உள்ள இடத்தில் வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பான். மாடு அவிழ்க்கும் இடத்தில் கடை தோன்றும். கடை தோன்றிய இடம் நாளடைவில் தெருவாகும். வழிப்போக்கரை நம்பி வளரும் ஊர்த்தெருக்களின் பிறப்பு இத்தகையதே.

நெடுவழி

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் வீதியே இவ்வூரின் பெருந்தெரு. முள்ளியவளையும் தண்ணீரூற்றும் இவ்வீதியில் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. குமுழமுனைக்குச் செல்லும் வழியும் இங்கேயே பிரிகின்றது. 1803 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒற்றோபர் 31 ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றதும் இந்நெடுவழியை அண்டிய நிகழ்ச்சிகளே. 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியபின், மாங்குளம் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட வழியென்ற சிறப்பும் இதற்கு வாய்த்தது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வரும் அடியார் கூட்டத்தைக் கண்டோர், தெரு வாணிபத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை உணர்வர். முல்லைத்தீவுக் கடலில் எடுக்கும் உப்புநீர் முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்துக்கு வந்து விளக்கெரிவதும், பின்னர் வற்றாப்பளை சேர்வதும் இப்பகுதி வீதிகளின் வழியாகவே நிகழ்கின்றன.

மண்ணும் மரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தைத் தோண்டினாற் சுண்ணக்கல் அகப்படும். ஆதலின் அங்கே கல்வீடு பெருகிற்று. வன்னியான் கைக்கு எட்டியவை குளத்துக் களிமண்ணும் காட்டு மரமும் வயல் வைக்கோலுமே. பாலை, முதிரை முதலிய வைரமரங்களாற் கப்பும் வளையும் அமைத்து, மண்சுவர் எழுப்பி, வைக்கோலாலோ கிடுகாலோ வேய்ந்தனர். கூரையின் இறவாணம் தாழ்ந்திருப்பதை அறியாமை என்று எண்ணற்க. மார்கழி மழைச் சாரல் மண்சுவரைக் கரைக்காமலும், சித்திரை வெயில் உள்ளே புகாமலும் காப்பது அதுவே. உயர்ந்த திண்ணை வெள்ளத்தைத் தடுத்தது. வழிப்போக்கனுக்கு இருக்கையும் ஆயிற்று.

அடுத்த நிலையில் ஓட்டுக்கூரை வந்தது. 1865 ஆம் ஆண்டில் மங்களூரிற் பாசல் மிசன் சபையார் தொடங்கிய தொழிலகத்திலிருந்து பரவிய தட்டையோடு, கடல் கடந்து ஈழத்துக் கூரைகளிலும் ஏறிற்று. முன்னே விறாந்தை, நடுவே கடை, பின்னே குடும்பம் வாழும் அறைகள், அதற்கப்பால் கிணறும் வளவும் என்னும் ஒழுங்கு ஈழத்துச் சிற்றூர்க் கடைத்தெருக்களுக்குப் பொதுவானது. இலக்கமிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையடைக்கும் காட்சியை மூத்த பழைய மாணவர் மறந்திரார்.

அழிவும் மீட்சியும்

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்த ஊர் இது. 1990 ஆம் ஆண்டு ஒற்றோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் முஸ்லிம்களும் வீடுவாசல்களை விட்டகன்றனர். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் போர் நெருங்க, எஞ்சியோரும் பெயர்ந்தனர். ஆளில்லாத வீட்டில் முதலிற் கூரை போகும். கூரை போனபின் மண்சுவர் இரண்டொரு மாரியிற் கரைந்து மண்ணோடு மண்ணாகும். 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்து மக்கள் படிப்படியாக மீண்டபோது, தறப்பாளும் தகரமும் முதற் கூரைகளாயின. பின்னரே சீமெந்துக் கல்லும் இரும்பு உருளைக் கதவும் வந்தன. விரைந்து தலைசாய்க்க இடம் தேடியவரைத் திண்ணை எங்கே என்று கேட்பது அறமாகாது. ஆயினும், திண்ணையோடு தெருவில் அமர்ந்து பேசும் வழக்கமும் குறுகிற்று என்பதை மறுத்தற்கில்லை.

மாணவர் கடன்

கல்லிற் கட்டிய நகரங்களுக்கு இடிபாடுகளே சான்று கூறும். மண்ணிற் கட்டிய ஊருக்கு மனிதர் நினைவன்றி வேறு சான்றில்லை. ஆதலின், மாணவர்கள் அளவுநாடாவும் கொப்பியுமாகத் தெருவில் இறங்குக. எஞ்சியுள்ள பழைய விறாந்தைகளை அளந்து வரைக. எந்தக் கடைக்கு அடுத்தது எந்தக் கடை, எந்த வளவில் யார் இருந்தார் என்பதை முதியோரிடம் கேட்டு வரிசைப்படுத்துக. வெளியேறி வேறூர்களில் வாழும் தமிழ், முஸ்லிம் முதியோரையும் விடாது கேளுங்கள். அவர்களையின்றி அவ்வரிசை நிறைவுறாது. கேட்பதற்குரிய முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். ஊற்று வற்றுமுன் நீர் அள்ளுவதே அறிவுடைமை.